பிள்ளைகளோடு கனடாவில் போய் இருக்கலாமா? மாதுங்காவில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் 1981-இல் கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து மும்பை மாதுங்காவுக்கு வந்தவள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். 2022 அக்டோபரில் கணவரும் நானும் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். இரண்டு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு 2024 ஜூலையில் திரும்பினோம். அதிலிருந்து ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடையில் நின்றாலும் சரி, சண்முகானந்தா ஹாலில் கச்சேரி இடைவேளையில் காபி குடித்தாலும் சரி, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிறார்: "மாமி, எங்க பையனும் கூப்பிடறான். போகலாமா?" அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

சாதாரண விசிட்டர் விசா போதாதா? சூப்பர் விசா என்கிறார்களே, அது என்ன?

விசிட்டர் விசாவில் போனால் பொதுவாக 6 மாதம் இருக்க விடுவார்கள். சூப்பர் விசா பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டுமே உள்ளது. ஒருமுறை உள்ளே போனால் 5 வருஷம் வரை தொடர்ந்து இருக்கலாம். 2022 ஜூலைக்கு முன்னால் இது 2 வருஷமாக இருந்தது. விசா 10 வருஷம் வரை செல்லுபடியாகும், அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம்.

பிள்ளையோ பெண்ணோ அங்கே குடியுரிமை உள்ளவராகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அவருக்குக் குறைந்தபட்ச வருமானமும் வேண்டும். அவர் உங்களைப் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், உங்கள் மருத்துவப் பரிசோதனை, குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு ஒரு வருஷ மருத்துவக் காப்பீடு ஆகியவையும் சேர வேண்டும். அந்தப் பிள்ளையின் கல்யாணமாகாத தம்பியையோ தங்கையையோ இதில் சேர்த்து அழைத்துப் போக முடியாது.

விமான நிலையத்தில் அதிகாரியிடம் "சூப்பர் விசா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எத்தனை நாள் அனுமதி கொடுத்திருக்கிறார் என்பதை அங்கே நின்றே பாருங்கள். அழைப்புக் கடிதமும் காப்பீட்டுக் காகிதமும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

அப்படியே நிரந்தரமாகத் தங்கிவிட முடியுமா?

சூப்பர் விசா தானாக நிரந்தர வசிப்புரிமை ஆகாது. பெற்றோரை ஸ்பான்சர் செய்யத் தனித் திட்டம் இருக்கிறது, ஆனால் விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து அரசு தேர்ந்தெடுத்து அழைத்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். கியூபெக் தவிர மற்ற மாகாணங்களில் பிள்ளை 20 வருஷத்துக்கு உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுக்க வேண்டும். கிடைத்தால் நல்லது. கிடைக்கும் என்று நம்பி இங்கே எதையும் கலைக்காதீர்கள்.

எனக்குச் சர்க்கரை, அவருக்கு பி.பி. காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் எது கிடைக்காது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஈடு தரும் பாலிசிகளில் "நிலையாக இருந்திருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை வைப்பார்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு, பெரும்பாலும் 90 அல்லது 180 நாளுக்கு, அந்த நோய்க்கான மருந்தோ அளவோ மாறியிருக்கக் கூடாது என்று அர்த்தம். நாங்கள் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு இங்கே டாக்டர் என் கணவரின் பி.பி. மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். நல்லதுக்குத்தான். டிசம்பரில் ஒரு ராத்திரி அவருக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்தது. 911-ஐக் கூப்பிட்டோம், ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரியில் விடிய விடியப் பார்த்தார்கள். கடவுள் புண்ணியத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் காப்பீட்டு நிறுவனம் அந்த மாத்திரை மாற்றத்தைக் காட்டிப் பணம் தர மறுத்துவிட்டது. பில்லை மகளும் மாப்பிள்ளையும் பல மாதம் தவணையில் கட்டினார்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் மருந்தில் மாற்றம் தேவை என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே டாக்டரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, "நிலையாக" என்றால் என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல்லையும் கண்ணையும் இங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாத்திரை எவ்வளவு கொண்டு போகலாம்?

சொந்த உபயோகத்துக்கு 90 நாளைக்கு உள்ளது வரை. கடையில் கொடுத்த அட்டையோடும், மருந்தின் வேதிப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடும் வையுங்கள். இங்குள்ள பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

மாதுங்கா ஃப்ளாட்டை விற்றுவிட்டுப் போகலாமா? பிள்ளை விற்கச் சொல்கிறான்.

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. குறைந்தது இரண்டு குளிர்காலம் அங்கே இருந்து பார்க்கும் வரை வீட்டைத் தொடாதீர்கள். திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பு இருந்தால்தான் அங்கே மனசு நிலைகொண்டு இருக்க முடிகிறது. எங்கள் கட்டடத்தில் ஒரு தம்பதி விற்றுவிட்டுப் போனார்கள். எட்டு மாதத்தில் அந்த மாமாவுக்கு அங்கே ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது வாடகைக்கு, தூரத்துப் புறநகரான டோம்பிவிலியில் இருக்கிறார்கள். அந்த மாமி இன்றும் மாதுங்கா மார்க்கெட்டுக்கு ரயில் ஏறி வந்துதான் வாழைப்பூ வாங்குகிறாள்.

வாடகைக்கு விடுவதானால் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். மகாராஷ்டிரத்தில் 1999-ஆம் வருஷத்து வாடகைச் சட்டப்படி அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. குடியிருக்க வருபவர் விவரத்தைப் போலீஸிலும், சொசைட்டியிலும் (கட்டடத்தின் வீட்டுவசதிச் சங்கம்) கொடுத்துவிடுங்கள். சொசைட்டி கொடுத்த ஷேர் சர்டிஃபிகேட்டில் நாமினி பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். உயில் எழுதாதவர்கள் எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.

பென்ஷன், பேங்க் விஷயமெல்லாம்?

மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்ச் சான்றிதழை வழக்கம்போல நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையில் இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். முடியாவிட்டால் டொரன்டோவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

இந்திய சிம் கார்டை உயிரோடு வைத்திருங்கள். பேங்க் ஓ.டி.பி. எல்லாம் அதில்தான் வரும். எங்களுக்கு ஒருமுறை ரீசார்ஜ் தவறிப்போய், பணம் கணக்கில் இருந்தும் எடுக்க முடியாமல் பத்து நாள் தவித்தோம். நீண்ட காலம் தங்கப் போகிறீர்கள் என்றால் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டுமா என்று பேங்கில் கேளுங்கள். வருமான வரிக்கு இந்தியாவில் இருந்த 182 நாள் கணக்கு முக்கியம், வேறு நிபந்தனைகளும் உண்டு. அதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

போனால் பேரக்குழந்தையைப் பார்க்கும் ஆயாவாகத்தானே இருக்கப் போகிறோம்?

இதைக் கேட்காத மாமி இல்லை. கேட்கும்போது குரலில் கொஞ்சம் வலியும் இருக்கும்.

முதல் மூன்று மாதம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் எட்டு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வருவார்கள். பேரனைப் பள்ளியில் விட்டு, கூட்டி வந்து, சமைத்து, பாத்திரம் துலக்கி, சனிக்கிழமை அவர்கள் வெளியே போனால் அன்றைக்கும் நானே பார்த்து. ஒரு நாள் மகள் "ஏம்மா முகம் வாடியிருக்கு?" என்று கேட்டதும் அழுதுவிட்டேன். அன்று ராத்திரி இருவரும் குசினி மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். திங்கள் முதல் வெள்ளி வரை மூன்றே கால் மணிக்குப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என் பொறுப்பு. ராத்திரிச் சமையல் வாரத்தில் மூன்று நாள்தான் நான். புதன்கிழமை காலை என்னுடையது, யாரும் எதுவும் கேட்கக் கூடாது. சனி ஞாயிறு பிள்ளை அவர்கள் கையில். அந்தத் தாளைக் காந்தம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். நாங்கள் திரும்பி வரும் வரை அது அங்கேயே இருந்தது.

கேட்காமல் யாருக்கும் தெரியாது. பெற்ற பெண்ணுக்கும் தெரியாது. போன முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள், மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்.

பிள்ளையைப் பார்ப்பதில் அங்குள்ள சில வழக்கங்கள் வேறு. அடிப்பது என்ற பேச்சே வேண்டாம். குழந்தைக்குத் துன்பம் நேர்கிறது என்று சந்தேகம் வந்தாலே ஆசிரியர் தகவல் கொடுத்தாக வேண்டும், அது அவர்களுக்குச் சட்டக் கடமை. காரில் மடியில் வைத்துக்கொள்ள முடியாது, அதற்குரிய சீட்டில் கட்டித்தான் உட்கார வைக்க வேண்டும். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மினுக்கி நின்றால் இரண்டு பக்கத்து வண்டிகளும் நின்றுவிடும். மாதுங்காவில் நாற்பது வருஷம் ரோடு கடந்த எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் நிறையும். பல பள்ளிகளில் வேர்க்கடலை உள்ளே வரக் கூடாது, ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். டப்பாவில் இட்லிக்குக் கடலைப் பொடி தடவிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சூப்பர் விசாவில் வேலை செய்து சம்பாதிக்க அனுமதி இல்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சம்பளத்துக்குப் பார்ப்பது, டிபன் செய்து விற்பது, காசு வாங்கிப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது எதுவும் கூடாது.

எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதானா?

1981-இல் மாதுங்காவுக்கு வந்தபோது எனக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. மாமியார் பையைக் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பினார். நான் கத்திரிக்காயைக் காட்டி விரலை நீட்டினேன். காய்க்காரர் சிரிக்கவில்லை. தராசில் கல்லை வைத்து "பாவ் கிலோ" என்றார், இன்னொரு கல்லை வைத்து "ஆதா கிலோ" என்றார். நான் திருப்பிச் சொன்னேன். ஒரு வாரத்தில் காலும் அரையும் வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் பேரம் வந்துவிட்டது. இதைப் படிக்கும் மும்பைத் தமிழர் எல்லாரும், அல்லது அவர்கள் அம்மாவோ தாத்தாவோ, இந்த வழியாக வந்தவர்கள்தானே? செம்பூரோ தாராவியோ முலுண்டோ, ஊர் தெரியாமல் இறங்கித்தான் காலூன்றினோம். அந்தத் தெம்பு நமக்குள் இருக்கிறது. வயதானதும் அதை மறந்துவிட்டு, மகன் வீட்டு சோபாவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிடுகிறோம்.

ஸ்கார்பரோவில் எனக்கு அந்தக் காய்க்காரர் கிடைத்த இடம் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடை. முன்னால் நின்ற பெரியவர் "டபுள் டபுள்" என்றார். இரண்டு கிரீம், இரண்டு சர்க்கரை என்று கவுன்டரில் இருந்த பெண் எனக்கு விளக்கினாள். நம் டிகிரி காபியின் பக்கத்தில் அது வராது, ஆனாலும் அடுத்த புதன்கிழமை தனியாகப் போய் நானே "டபுள் டபுள்" கேட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தேன். என் கணவருக்குக்கூட அன்று ஃபோன் செய்யவில்லை.

அப்புறம் நூலகம். டொரன்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள். நகரில் குடியிருப்பவர்களுக்குக் கார்டு இலவசம், முகவரிச் சான்று காட்டினால் போதும். தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும் கிளைகள் உண்டு. பல கிளைகளில் வாரம் ஒரு முறை ஆங்கிலம் பேசிப் பழக ஒரு வட்டம் கூடும். எங்கள் வட்டத்தில் சீனப் பாட்டி ஒருத்தர், ஈரானிலிருந்து வந்த டாக்டர், பிலிப்பைன்ஸ் அம்மா ஒருத்தர். யாருக்கும் இலக்கணம் சரியாக வராது, யாரும் யாரையும் திருத்த மாட்டார்கள். சீனப் பாட்டியும் நானும் கைச்சாடையில் பேரன் பேத்தி எத்தனை என்று கேட்டுக்கொண்டோம். கடைசி நாள் அவர் எனக்கு ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு பின்னிக் கொடுத்தார். இப்போது கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

பஸ் ஏறப் பழகுங்கள். பஸ், ரயில் கட்டணத்துக்கான பிரெஸ்டோ அட்டையில் 65 வயது என்று பதிந்துகொண்டால் கட்டணம் குறையும், ஒருமுறை தட்டினால் இரண்டு மணி நேரம் பஸ்ஸும் ரயிலும் மாறலாம். மகன் சனிக்கிழமை கூட்டிப் போவான் என்று காத்திருப்பவர்களுக்கும் தானே பஸ் ஏறுகிறவர்களுக்கும் ஆறு மாதத்தில் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஸ்கார்பரோவில் திரும்பின பக்கமெல்லாம் தமிழர் என்கிறார்களே. நம்ம தமிழ்தானே?

தமிழ்தான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழ். அதற்குக் காது கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். ஒரு நாள் நான், "உங்க பேத்தியோட பார்க்கில நன்னாப் பேசினேன்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏன், பிள்ளை என்ன பிழை செய்தவள்?" அவர்கள் பேச்சில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவது அவர்களுக்குக் கதைப்பது. விளங்கியதும் இருவரும் வாசலிலேயே நின்று சிரித்தோம். ஆமாம் என்பதற்கு ஓம், நாற்காலி கதிரை, சமையலறை குசினி, டீ தேத்தண்ணி, அழகு வடிவு, சீக்கிரம் கெதியா. நான்கூட மேலே குசினி மேஜை என்று எழுதிவிட்டேன், திருத்த மனம் வரவில்லை. "வாங்கோ, இருங்கோ" மட்டும் மாதுங்கா அக்ரஹாரத்துப் பேச்சு மாதிரியே காதில் விழுந்தது. முதல் நாள் அந்த அக்கா "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றபோது எங்கள் பாட்டி குரல் போலவே இருந்தது.

அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நம் கடமை என்று நினைக்கிறேன். இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலோரத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். பின்னால் வந்தவர்கள் பனியில் ஃபாக்டரி வேலையும் ஹோட்டல் வேலையும் செய்து கடை வைத்தார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஒன்டாரியோ மாகாணம் 2014-இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகச் சட்டமாக்கியது. 2016-இல் கனடா நாடாளுமன்றமும் அதை ஏற்றது. நம் பேரன் பள்ளியில் பொங்கல் கொண்டாடுகிறான் என்றால் அது அவர்கள் போட்ட பாதை.

"ஊர்ல வீடு இருக்கா? அண்ணா தம்பி எல்லாம் எங்கே?" என்று பழக்கமான நாக்கால் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது. அந்த அக்கா தானாக ஒரு நாள் சொன்னார். நான் எதுவும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மற்றவர்களோடு எப்படிப் பழகுவது?

எதிரே வருபவர் சிரித்து "ஹாய்" என்பார், நீங்களும் சொல்லுங்கள். அதோடு நின்றுவிடும், அடுத்த நாள் வீட்டுக்கு வந்துவிட மாட்டார். பேச்சு வானிலையில் ஆரம்பிக்கும். சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. சம்பளம், வீட்டு விலை, "ஏன் இன்னும் குழந்தை இல்லை" இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இடித்துவிட்டால் இடிபட்டவரும் "சாரி" சொல்வார். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது.

குப்பை ஒரு பெரிய பாடம். சாப்பாட்டு மிச்சம் பச்சைத் தொட்டி, மறுசுழற்சி நீலத் தொட்டி, மற்றது தனி. எந்த வாரம் எதை எடுப்பார்கள் என்று காலண்டர் உண்டு. அதை நம் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் மாப்பிள்ளைக்குச் சந்தோஷம்.

அக்டோபர் 31 ஹாலோவீன். நாங்கள் போன புதிது, வாசலில் புலி வேஷமும் பேய் வேஷமுமாகப் பிள்ளைகள். நவராத்திரி சுண்டலுக்கு வந்த மாதிரி எனக்கு ஒரே ஆனந்தம், வீட்டில் பிடித்த கடலை உருண்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மகள் பின்னாலேயே வந்து தடுத்தாள். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத மிட்டாய் மட்டும்தான் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 30-ஆம் தேதி பேரன் ஆரஞ்சு சட்டை கேட்டான். ஏன் என்று அவனே சொன்னான்: "பாட்டி, முன்னாடி இங்க இருந்தவங்களோட குழந்தைகளை அம்மாகிட்டேயிருந்து பிடிச்சிண்டு போய் ஸ்கூல்ல வச்சுட்டா." பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 1,50,000 பேர் அப்படி உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள், சொந்த மொழி பேசினால் தண்டனை. 1990-களில்தான் கடைசிப் பள்ளி மூடியது. 2021 முதல் அந்த நாள் தேசிய நினைவு நாள். பள்ளி விழாக்களில் இந்த நிலம் யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். புரியாமல் நான் முதலில் பிரார்த்தனை என்று நினைத்துக் கைகூப்பினேன்.

குளிர் தாங்குமா?

ஸ்வெட்டரே இல்லாமல் வாழ்ந்த மும்பைக்காரர்களுக்கும் தாங்கும். ஒரே தடித்த கோட்டைவிட மெல்லிசாக மூன்று அடுக்கு நல்லது. அங்கே போய் வாங்குங்கள், இங்கே வாங்கியது உதவாது. பயப்பட வேண்டியது பனிக்கட்டியைப் பார்த்து. தார் ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடி மாதிரி படிந்திருக்கும். பிடிப்புள்ள பூட்ஸ் போட்டு, கையைப் பாக்கெட்டில் விடாமல், பெங்குவின் மாதிரி சின்ன அடியாக வைத்து நடங்கள். நடைப் பயிற்சிக்கு மால் இருக்கிறது, காலையில் பெரியவர்கள் கூட்டமாக நடப்பார்கள்.

குளிரைவிட என்னை அசைத்தது இருட்டு. டிசம்பரில் மாலை 4:40-க்கே சூரியன் அஸ்தமித்துவிடும். மனசு காரணமில்லாமல் கனக்கும். உச்சி வேளையில் அரை மணியாவது வெளியே போங்கள். மார்ச்சில் எல்லாம் சரியாகும்.

சமையல், பூஜை?

காய், அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கும், வாழை இலைகூடக் கிடைக்கும். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட்டைப் போட்டுவிட்டுக் கடுகைப் போடுங்கள். புகை அலாரம் அலறும். அடுக்குமாடியாக இருந்தால் தீயணைப்பு வண்டியே வரலாம். கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் இதே கதைதான். நான் நெய் விளக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூனில் சூரியன் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் மறையும். விளக்கை எப்போது ஏற்றுவது என்று குழம்பி, ஆறரைக்கே ஏற்றுவது என்று வைத்துக்கொண்டேன். அமாவாசை, ஏகாதசி, திதி எல்லாம் மும்பைப் பஞ்சாங்கப்படி பார்க்காதீர்கள். திதி தொடங்கும் நேரம் உலகத்துக்கு ஒன்று, ஆனால் மும்பை டொரன்டோவைவிடக் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி முந்தி இருப்பதால் தேதி மாறும். அங்குள்ள கோயில்களில் அந்த ஊருக்குக் கணித்த காலண்டர் கொடுப்பார்கள். நாங்கள் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம்.

கேட்கக் கூடாதுதான். அங்கே இருக்கும்போது ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், நாமே சொல்லி வைக்க வேண்டும். காப்பீட்டில் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு அடங்குமா என்று பாருங்கள். அனுப்புவதானால் பதப்படுத்த வேண்டும், தூதரகக் காகிதங்கள் வேண்டும், சில நாட்கள் ஆகும். அங்கேயே செய்வதானால் தகன நிலையத்தில் நேரம் பதிந்துதான் கிடைக்கும், அதே நாளில் நடக்காது. காரியம் செய்து வைக்கச் சாஸ்திரிகளும் குருக்களும் இருக்கிறார்கள். ஒன்டாரியோவில் அரசுக்குச் சொந்தமான, யாரும் குடியிருக்காத நிலத்திலும் நீரிலும் அஸ்தியைக் கரைக்கலாம். நாங்கள் இருவரும் எங்கள் விருப்பத்தை எழுதி மகளிடம் கொடுத்தோம். அவள் அழுதாள், வாங்கி வைத்துக்கொண்டாள்.

கனடா இல்லாமல் வேறு நாடு?

அமெரிக்காவுக்குச் சூப்பர் விசா மாதிரி எதுவும் கிடையாது. விசிட்டராகப் பொதுவாக 6 மாதம். பிள்ளை 21 வயதான குடிமகனாக இருந்தால் கிரீன் கார்டுக்கு மனுப் போடலாம். ஆனால் வேலை செய்திராத பெற்றோருக்கு 65 வயதானாலும் 5 வருஷம் அங்கே வசித்த பிறகுதான் அந்த அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேர முடியும். பிள்ளை துணையில்லாமல் தாங்களாகவே போக நினைப்பவர்களுக்குத் தாய்லாந்தில் 50 வயதுக்கு மேல் ஓய்வூதிய விசா உண்டு, பேங்கில் 8,00,000 பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். துபாய்ப் பக்கம் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்காதீர்கள், அங்கே அது சட்டப்படி குற்றம்.

அவ்வளவு நன்றாக இருந்தது என்றால் ஏன் திரும்பி வந்தீர்கள்?

என் கணவருக்காக. எனக்குப் புதன்கிழமை இருந்தது, நூலகம் இருந்தது, பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். அவர் அப்படி எதையும் தேடிக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மாதுங்காவில் இப்போது மணி என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்குப் போய்ப் பழகிய ஆண்களுக்கு இது இன்னும் கஷ்டம். கிளம்பும் முன்பே அவர்களுக்கு என்று ஒரு வேலையை யோசித்து வையுங்கள். தோட்டமோ, பேரனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதோ, கோயிலில் பாத்திரம் கழுவுவதோ எதுவானாலும் சரி. அடுத்த வருஷம் மறுபடி போகிறோம். இந்தத் தடவை அவர் செஸ் போர்டை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, பெட்டியில் என்ன வைப்பது?

பித்தளை ஃபில்டர், காபிப் பொடி, சின்ன கல்சட்டி, வேட்டி இரண்டு. மண் ஒட்டிய எதுவும், விதை, பழம், பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். மற்ற தின்பண்டங்களைக் கேட்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். கையில் 10,000 கனடா டாலர் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். புடவை நாலு போதும். நான் பன்னிரண்டு கொண்டு போய் எட்டை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டு வந்தேன். அந்த இடத்தில் பேரனுக்குப் படித்துக் காட்டத் தமிழ்க் கதைப் புத்தகங்களை அடுக்குங்கள்.